கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் மானிட்டரைப் பாருங்கள்

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டால் இந்த கேம் ஓடுமா?" என்று யாராவது கேட்டால் சட்டென்று ஓடும், ஓடாது என்று சொல்லிவிட முடியாது. எந்தத் திரையில் ஓட வேண்டும் என்று தெரிந்தால்தான் பதில். கார்டின் வேலையே திரையில் இருக்கிற ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட்டு, அந்தப் படத்தை நொடிக்கு 60 தடவையோ 144 தடவையோ அனுப்பிக்கொண்டே இருப்பதுதான். பிக்சல் எத்தனை, நொடிக்கு எத்தனை தடவை என்கிற இரண்டையும் முடிவு செய்வது மானிட்டர். ஆனால் கடைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் கார்டுப் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஜிபி எண்ணை மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். அதனால் இங்கே தலைகீழாக, திரையிலிருந்து தொடங்கிக் கார்டுக்குப் போவோம். புதிதாக சிஸ்டம் அசெம்பிள் செய்தாலும் சரி, வீட்டிலிருக்கும் பழைய சிஸ்டத்துக்குக் கார்டு போட நினைத்தாலும் சரி, வழி இதுதான்.

முதல் படி: உங்கள் திரையின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

"என்ன மானிட்டர்?" என்றால் "24 இன்ச்" என்பார்கள். அது திரையின் மூலைக்கு மூலை நீளம், அவ்வளவுதான். அதே 24 இன்ச்சில் 1920×1080உம் கிடைக்கும், 2560×1440உம் கிடைக்கும். குறுக்கே எத்தனை பிக்சல், மேலிருந்து கீழே எத்தனை பிக்சல் என்கிற இந்த ஜோடி எண்தான் ரெசல்யூஷன்.

விண்டோஸ் 11 என்றால் டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள், கீழே இறங்கினால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று இருக்கும். அதைத் திறந்தால் மானிட்டர் பெயருக்குக் கீழே "டெஸ்க்டாப் மோட்", "ஆக்டிவ் சிக்னல் மோட்" என்று இரண்டு வரிகள் தெரியும். முதலாவது விண்டோஸ் எந்த ரெசல்யூஷனில் படம் வரைகிறது என்பது, இரண்டாவது கேபிள் வழியாக மானிட்டருக்கு உண்மையில் என்ன போகிறது என்பது. இரண்டும் வேறு வேறாக இருந்தால், உதாரணமாக மேலே 1366×768, கீழே 1920×1080 என்று இருந்தால், யாரோ ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், கார்டு அதை இழுத்துப் பெரிதாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அதே பக்கத்தில் ரெஃப்ரெஷ் ரேட்டும் இருக்கிறது, அதாவது மானிட்டர் நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்கிற ஹெர்ட்ஸ் கணக்கு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு இந்த இடத்தில் 60 என்றே விட்டுவைத்திருப்பவர்கள் ஏராளம். விண்டோஸ் பல நேரம் தானாக மாற்றாது, நாம்தான் அந்தப் பட்டியலைத் திறந்து 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது பிக்சல் கணக்கு. பழைய லேப்டாப்களில் வரும் 1366×768 என்பது சுமார் 10.5 லட்சம் பிக்சல். 1080பி எனப்படும் 1920×1080 சுமார் 20.7 லட்சம். 1440பி, அதாவது 2560×1440, சுமார் 36.9 லட்சம். 4கே எனப்படும் 3840×2160 சுமார் 83 லட்சம். பெயரைக் கேட்டால் 1080க்கும் 1440க்கும் ஏதோ கொஞ்சம்தான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் கார்டுக்கு அது முக்கால் மடங்குக்கு மேல் கூடுதல் வேலை. 4கே என்றால் 1080பியைப் போல நேராக நான்கு மடங்கு. ஒரு கார்டு 1080பியில் நொடிக்கு 100 ஃபிரேம், அதாவது 100 படம், தருகிறது என்றால் 4கேயில் 25தான் தரும் என்று அப்படியே வகுத்துவிட முடியாது, பிக்சலைச் சாராத வேலைகளும் இருக்கின்றன. ஆனால் 60ஐ எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

இரண்டாம் படி: எழுத்து சின்னதாக இருந்தால் ரெசல்யூஷனைத் தொடாதீர்கள்

இதற்குத் தனிப் படியா என்று கேட்கலாம். நான் பார்த்த "மானிட்டர் சரியில்லை" புகார்களில் பெரும்பாலானவை இதுதான். அப்பாவுக்கோ மாமாவுக்கோ எழுத்து சின்னதாகத் தெரிகிறது, உடனே ரெசல்யூஷனை 1280×720க்கு இறக்கிவிடுகிறார்கள். எழுத்து பெரிதாகிவிடும், கூடவே மசமசவென்றும் ஆகிவிடும். எல்சிடி திரையில் பிக்சல்கள் எண்ணி அடுக்கி ஒட்டப்பட்டவை. 1920 கட்டங்கள் இருக்கிற வரிசையில் 1280 புள்ளிகளை நிரப்பச் சொன்னால் ஒரு புள்ளிக்கு ஒன்றரைக் கட்டம் வருகிறது, அரைக் கட்டத்தை எரிய வைக்க முடியாததால் பக்கத்து நிறத்தோடு கலந்து பூசிவிடுகிறது.

ரெசல்யூஷன் பட்டியலில் "ரெக்கமண்டட்" என்று பக்கத்தில் போட்டிருப்பதே அந்தத் திரையின் சொந்த ரெசல்யூஷன். அதை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேலே இருக்கும் "ஸ்கேல்" என்பதை 125% அல்லது 150% ஆக்குங்கள். எழுத்தும் பட்டன்களும் பெரிதாகும், கூர்மை குறையாது. பழைய சாஃப்ட்வேர்கள் சில, குறிப்பாகப் பல வருடங்களாக மாறாத அக்கவுண்ட்ஸ், பில்லிங் சாஃப்ட்வேர்கள், ஸ்கேல் கூட்டினால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அது அந்த சாஃப்ட்வேரின் குறை.

தமிழில் அதிகம் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்தில் கோடுகள் அதிகம், நம் எழுத்தில் சுழிகள் அதிகம். "ணை", "ஞ", "ஐ" எல்லாம் சின்ன அளவில், பிக்சல் நெருக்கம் குறைந்த திரையில் சுழி அடைத்துக்கொண்டு ஒரே கறுப்புப் பொட்டாகத் தெரியும். 24 இன்ச்சில் 1080பி என்றால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1080பியை 27 இன்ச்சுக்கு இழுத்தால் 82தான். 27 இன்ச்சில் 1440பி என்றால் 109, 4கே என்றால் 163. என் கருத்தைக் கேட்டால் 27 இன்ச் 1080பி மானிட்டரை எழுத்து வேலைக்கு வாங்கவே வேண்டாம், அதே காசுக்கு நல்ல 24 இன்ச் வாங்குங்கள். 27 இன்ச் 4கேயில் ஸ்கேல் 150% வைத்தால் 1440பி அளவுக்கு இடமும் கிடைக்கும், எழுத்தும் அச்சுப் புத்தகம் மாதிரி இருக்கும், டைப்பிங், எக்செல், பிரவுசர் வேலைக்கு இப்போதைய சாதாரண சிஸ்டங்களே அதைத் தாங்கும்.

டிவியை மானிட்டராகப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: பெட்டியில் "எச்டி ரெடி" என்று போட்டிருக்கும் 32 இன்ச் டிவிகளில் பல உள்ளே 1366×768தான். 1080பி சிக்னல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், வாங்கிச் சுருக்கிக் காட்டும். டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டுவது, டிவியின் பிக்சர் மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்க்ரீன் ஃபிட்" போன்ற பெயரில் ஒன்று இருக்கும், அதைப் போட்டால் சரியாகிவிடும். நிற எழுத்துகளின் ஓரம் கசிந்த மாதிரி இருந்தால் டிவியில் அந்த எச்டிஎம்ஐ வாய்க்கு "பிசி" என்று பெயர் வைத்துப் பாருங்கள், பல டிவிகளில் அதுவே தீர்த்துவிடும்.

மூன்றாம் படி: கேபிளும் வாயும்

எச்டிஎம்ஐ என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். எச்டிஎம்ஐ 1.4இல் 4கே போகும், ஆனால் 30 ஹெர்ட்ஸ்தான். மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருவது போல இருக்கும், அப்படி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 2.0இல் 4கே 60, 2.1இல் 4கே 120. டிஸ்ப்ளேபோர்ட் 1.2லேயே 4கே 60 வந்துவிடுகிறது, 1.4 என்றால் இன்னும் மேலே. இன்டெல் 8ஆம், 9ஆம் தலைமுறை டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ வழியாக 4கே 30தான் வரும், பக்கத்திலேயே டிஸ்ப்ளேபோர்ட் வாய் இருந்தால் அதில் 60 வரும். தனிக் கார்டு வாங்கும் முன் 200, 300 ரூபாய் கேபிளை மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் கூடவே டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் கொடுத்திருப்பார்கள், அதையே போடுங்கள். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக 120க்கு மேல் ஏறாது.

விஜிஏ எனப்படும் அனலாக் வாய் மட்டும் இருக்கிற பழைய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து கார்டுகள் அனலாக் சிக்னலே தருவதில்லை. வெறும் முனையை மாற்றுகிற விலை மலிவான அடாப்டர் வேலை செய்யாது, உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். அப்படி மெனக்கெடுவதற்கு பதில் மானிட்டரையே மாற்றலாம் என்பேன்.

நான்காம் படி: உங்களுக்குத் தனிக் கார்டு தேவையா?

பலருக்குத் தேவையில்லை. இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். ஆபீஸ் வேலை, ஆன்லைன் வகுப்பு, படம் பார்ப்பது, டிடிபி, கொஞ்சம் போட்டோ எடிட்டிங் வரைக்கும் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். விண்டோஸ் 11 கேட்பதே டைரக்ட்எக்ஸ் 12ஐப் புரிந்துகொள்ளும் கிராபிக்ஸும் 720பி திரையும்தான். போட்டோஷாப் குறைந்தது 1.5 ஜிபி கிராபிக்ஸ் மெமரி கேட்கிறது, 4கே திரை வைத்திருந்தால் 4 ஜிபி என்கிறது. பாருங்கள், அங்கேயும் திரையைப் பொறுத்துத்தான் தேவை மாறுகிறது. பிளெண்டர் குறைந்தது 2 ஜிபி, டாவின்சி ரிசால்வ் 4 ஜிபி என்று கேட்கும், இவை ஆரம்ப வாசல்தான், 4கே வீடியோவை அடுக்கடுக்காக வைத்து எடிட் செய்தால் 8 ஜிபியே திணறும்.

யூடியூபில் 4கே வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்று கார்டு வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். யூடியூப் 4கேயை விபி9 அல்லது ஏவி1 என்ற வடிவத்தில் அனுப்புகிறது. இன்டெலில் 7ஆம் தலைமுறையிலிருந்து விபி9ஐயும், 11ஆம் தலைமுறையிலிருந்து ஏவி1ஐயும் சிப்பே பிரித்துவிடும். அதற்கு முந்தைய சிஸ்டம் என்றால் முழுப் பாரமும் பிராசசர் மேல் விழுகிறது, அதுதான் திக்கலுக்குக் காரணம். உங்கள் மானிட்டர் 1080பிதான் என்றால் வீடியோவையும் 1080பியில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் மிச்சம்.

இன்னொன்று, பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி ஒற்றை ராம் போட்டிருந்தால் இன்னொரு 8 ஜிபியை ஜோடியாகப் போட்டுப் பாருங்கள். மெமரிக்குப் போகும் பாதை இரட்டிப்பாகிவிடுவதால், ரைசன் 5 5600ஜி மாதிரியான பிராசசர்களில் கேம்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகமாகும்.

ஐந்தாம் படி: ரிக்வயர்மெண்ட் பட்டியலைப் படிக்கும் விதம்

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தப் பட்டியலில்தான். "மினிமம்", "ரெக்கமண்டட்" என்று இரண்டு பத்தி இருக்கும். மினிமம் என்றால் நன்றாக ஓடும், ரெக்கமண்டட் என்றால் பிரமாதமாக ஓடும் என்று படித்துக்கொள்கிறோம். நடப்பில் மினிமம் என்றால் திறக்கும், ரெக்கமண்டட் என்றால் சுமாராக ஓடும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. எந்த ரெசல்யூஷனில், எந்த செட்டிங்கில், எத்தனை ஃபிரேமில் என்கிற மூன்றும் இல்லாத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

நல்லவேளையாக இப்போது சில நிறுவனங்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. சைபர்பங்க் 2077க்கு 2023இல் புதுப்பித்த பட்டியலில் மினிமம் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, அது 1080பியில் லோ செட்டிங்கில் 30 ஃபிரேமுக்கு. ரெக்கமண்டட், என்விடியாவின் அடுத்த வரிசையான ஆர்டிஎக்ஸில் 2060 சூப்பர், அது 1080பியில் ஹை செட்டிங்கில் 60 ஃபிரேமுக்கு. ரெக்கமண்டட் கார்டு இருக்கிறதே என்று 1440பி மானிட்டரில் மாட்டினால் அந்த 60 கிடைக்காது, அது 1080பிக்கு மட்டும் கொடுத்த வாக்கு.

ஆலன் வேக் 2 இன்னும் ஒரு படி மேலே. அதன் மினிமம் வரிசையில் ஆர்டிஎக்ஸ் 2060 அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 1080பி, லோ, 30 ஃபிரேம் என்று போட்டு, ஓரத்தில் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் "குவாலிட்டி" என்றும் போட்டிருந்தார்கள். அதாவது கார்டு உள்ளுக்குள் 1280×720இல் வரைந்துவிட்டு, அதை 1080பியாகப் பெரிதாக்கிக் காட்டும். 1080பி என்று எழுதியிருந்தாலும் வரைவது 720பிதான். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டும் நல்ல நுட்பங்கள்தான், 4கே திரையில் "குவாலிட்டி" வைத்தால் உள்ளே 1440பி, "பெர்ஃபார்மன்ஸ்" வைத்தால் உள்ளே 1080பி, பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆரம்பமே 720பி என்றால் பெரிதாக்கக் கையில் சரக்கு குறைவு, முடி, கம்பிவலை, இலைகள் எல்லாம் நெளியும். டிஎல்எஸ்எஸ் வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் கார்டுதான் வேண்டும், எஃப்எஸ்ஆரின் முதல் மூன்று பதிப்புகள் எந்த நிறுவனத்தின் கார்டிலும் ஓடும்.

எதிர்ப்பக்கம் பார்த்தால் வேலோரண்ட் 2020இல் வந்தபோது 30 ஃபிரேமுக்கு இன்டெல் எச்டி 4000, 60க்கு ஜிடி 730, 144க்கு மேல் வேண்டுமானால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஃபிரேம் வாரியாகவே பிரித்துச் சொன்னார்கள். அந்த ஒரு விளையாட்டுதான் விளையாடுவீர்கள் என்றால் விலை உயர்ந்த கார்டுக்கு அவசியமே இல்லை.

சில விளையாட்டுகள் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வசதியைப் பார்க்கும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு ரே டிரேசிங் (ஒளி எப்படிப் பட்டுத் தெறிக்கும் என்று கணக்கிட்டு வரைவது) செய்யும் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. அந்தக் காலத்து ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 ஜிபி மெமரியோடு வந்த ராஜா, அதில் நுழையவே முடியாது. கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேரான டிரைவர் விஷயமும் அப்படித்தான். ஜிடி 710, மற்றும் ஜிடி 730இல் பெரும்பாலானவற்றுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2021லேயே நின்றுவிட்டது, ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு 2025 அக்டோபரோடு நின்றது.

ஆறாம் படி: ஜிபி எண்ணில் மயங்காதீர்கள்

ஜிடி 730, 4 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. பெட்டியில் இரண்டும் 4 ஜிபிதான். ஆனால் ஜிடி 730இன் டிடிஆர்3 மெமரி, 64 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) கொண்ட வகையில் மெமரிக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு 14.4 ஜிபிதான் போய் வரும். ஜிடிஎக்ஸ் 1650இல் 128 ஜிபி. மொட்டை மாடியில் பெரிய சின்டெக்ஸ் தொட்டி வைத்து, கீழே அரை இன்ச் குழாய் இறக்கிய கதைதான் முதல் கார்டு. சிப்பின் வலுவும் அதே மாதிரி பல மடங்கு வித்தியாசம்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வருவதும் உண்டு. ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5 வகை நொடிக்கு 48 ஜிபி, பின்னால் வந்த டிடிஆர்4 வகை 16.8 ஜிபி, பெட்டி ஏறக்குறைய ஒன்றுதான். ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் மெமரி மட்டுமா வித்தியாசம், உள்ளே கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கையே 1152, 1280 என்று வேறு. ஆர்டிஎக்ஸ் 3050இலும் அப்படித்தான், 8 ஜிபி வகை 130 வாட், 2024இல் வந்த 6 ஜிபி வகை 70 வாட், கோரும் குறைவு. பெயரை முழுசாக, கடைசி எழுத்து வரைக்கும் படியுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் பெட்டியைக் கையில் வாங்கி மெமரி வகை, பஸ் அளவு இரண்டையும் நீங்களே பாருங்கள்.

சரி, அப்படியானால் மெமரி எத்தனை வேண்டும்? திரைக்குப் போகும் ஒரு படம் மட்டும் என்றால் 1080பியில் சுமார் 8 எம்பி, 4கேயில் 33 எம்பிதான் வரும். மெமரியைத் தின்பது அதன் பின்னால் இருக்கும் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்), நிழல்கள், இடைக்கணக்குகள். மெமரி நிரம்பினால் சராசரி ஃபிரேம் எண் பெரிதாகக் குறையாமலே திடீர் திடீரென்று உறைந்து உறைந்து ஓடும், அல்லது சுவரெல்லாம் மெழுகு பூசினாற்போலத் தெரியும். இன்றைய புது விளையாட்டுகளுக்கு 1080பியிலேயே 8 ஜிபியைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1440பிக்கு 12 இருந்தால் நிம்மதி, 4கேக்கு 16. பழைய, இலகுவான விளையாட்டுகளுக்கு 4 ஜிபி இன்னும் போதும்.

மாதிரிக்குச் சொன்னால், 1080பி 60க்கு ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரியானவை. 1440பி என்றால் ஆர்டிஎக்ஸ் 4070, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி தரத்தில் பாருங்கள், பட்ஜெட் இடித்தால் 12 ஜிபியோடு வரும் இன்டெல் ஆர்க் பி580, ஆனால் அதற்கு மதர்போர்டில் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் எட்டும் வசதி) இருந்தே ஆக வேண்டும், பழைய போர்டுக்கு வேண்டாம். 4கேயில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்து விளையாடும் ஆசை இருந்தால் அதற்கான கார்டு விலையில் இன்னொரு முழு சிஸ்டமே வாங்கலாம்.

உங்கள் சிஸ்டத்தில் இப்போது எத்தனை இருக்கிறது என்று பார்க்க கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் ஜிபியு. "டெடிகேட்டட்" என்று இருப்பதுதான் கார்டின் சொந்த மெமரி. "ஷேர்டு" என்பது ராமிலிருந்து கடன். இரண்டையும் கூட்டி "12 ஜிபி கிராபிக்ஸ்" என்று பழைய லேப்டாப் விற்பவர்கள் உண்டு, ஜாக்கிரதை.

ஏழாம் படி: உங்கள் கேபினெட் தாங்குமா?

மதர்போர்டு ஸ்லாட் தானாகக் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும், 6 பின் என்றால் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட், ஏஎம்டி 450 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 இழுப்பது 170, 4060 இழுப்பது 115, இரண்டுக்கும் என்விடியா சொல்வது 550. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பி இதில் எதையும் மாட்டாதீர்கள். கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும், கார்டுக்கான 6 பின் வயரே இருக்காது. கார்டு பட்ஜெட்டிலேயே 80 பிளஸ் சான்று உள்ள ஒரு எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

ஆபீஸ்களிலிருந்து கழித்து செகண்ட் ஹேண்டில் வரும் ஒல்லியான பிராண்டட் சிஸ்டங்களை நிறையப் பேர் வாங்குகிறார்கள். நல்ல பேரம்தான். ஆனால் அதில் எஸ்எம்பிஎஸ் அந்த நிறுவனத்தின் தனி வடிவம், 200 வாட் சுற்றுவட்டாரம், கூடுதல் வயர் கிடையாது, கார்டும் பாதி உயரம்தான் நுழையும். அதற்குப் பொருந்துவது ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இரண்டிலும் வருகிற லோ புரொஃபைல் வகைகள், அதிலும் தனி வயர் கேட்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய போர்டுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஸ்லாட்டில் முழு நீளத்துக்கு உட்கார்ந்தாலும் பேசுவது 4 லேனில், அதாவது 4 தரவுப் பாதையில்தான். ஸ்லாட் பிசிஐஇ 4.0 தரத்தில் இருக்கும் போர்டில் சமாளிக்கும், 3.0 போர்டில் பாதை பாதியாகி, 4 ஜிபி மெமரி நிரம்பும் விளையாட்டுகளில் ரொம்பவே விழும். ஆர்எக்ஸ் 6600உம் ஆர்டிஎக்ஸ் 4060உம் 8 லேன், 3.0இல் போட்டாலும் இழப்பு சின்னதுதான். கார்டின் நீளத்தை கேபினெட்டுக்குள் டேப் வைத்து அளந்து பாருங்கள், அது சொல்ல வேண்டியதே இல்லை.

லேப்டாப் என்றால் கார்டை மாற்ற முடியாது, வாங்கும்போதே பார்க்க வேண்டும். ஒரே ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் 35 வாட்டிலும் இருக்கிறது, 115 வாட்டிலும் இருக்கிறது, வேகமும் அதற்கேற்பத்தான். வாட் எண் போடாத லேப்டாப்பை நான் வாங்க மாட்டேன்.

எட்டாம் படி: செகண்ட் ஹேண்ட் என்றால்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஓட்டிக் காட்டாத கார்டை வாங்காதீர்கள். பழைய ஜிடிஎஸ் 450 மாதிரியான சிப்பில் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை) மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும் போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு, விண்டோஸும் அந்தப் பெயரையே நம்பிக் காட்டும். ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும். கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பஸ் அளவு மூன்றையும் போனில் தேடி ஒப்பிடுங்கள். அப்புறம் கால் மணி நேரம் ஏதாவது கனமான விளையாட்டையோ ஸ்ட்ரெஸ் டெஸ்டையோ ஓட விட்டு வெப்பம் எங்கே போய் நிற்கிறது, திரையில் புள்ளி புள்ளியாகக் கோளாறு வருகிறதா என்று பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் நகர்ந்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மாட்டியபின்

மானிட்டர் கேபிளைக் கார்டின் வாயில் செருகுங்கள். சிரிக்காதீர்கள், பழக்கத்தில் பழைய இடத்திலேயே மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு போட்டும் வேகம் அப்படியே இருக்கிறது" என்பவர்கள் நிறைய. உங்கள் பிராசசர் ஐ5-12400எஃப் மாதிரி எஃப் எழுத்தில் முடிந்தாலோ, ஜி இல்லாத ரைசன் 5 5600 ஆக இருந்தாலோ அதற்குள் கிராபிக்ஸே இல்லை, மதர்போர்டு வாயில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். கார்டு செத்துவிட்டது என்று பதற வேண்டாம்.

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். பிறகு முதல் படியில் பார்த்த அதே பக்கத்துக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மறுபடி பாருங்கள், புது டிரைவர் போட்டதும் 60க்குத் திரும்பியிருக்கலாம்.

விளையாட்டில் ஃபிரேம் போதவில்லை என்றால் முதலில் ரே டிரேசிங்கை அணையுங்கள், அடுத்து நிழல், வால்யூமெட்ரிக் புகை மாதிரியானவற்றை ஒரு படி இறக்குங்கள். டெக்ஸ்சரை மெமரி நிரம்பாத வரை தொட வேண்டாம், அதைக் குறைத்தால் படம் அசிங்கமாகும், வேகம் பெரிதாகக் கூடாது. அப்புறம் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர். திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பது கடைசியாக.

அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் ஒரு சோதனை: விளையாட்டுக்குள் ரெசல்யூஷனை 1280×720க்கு இறக்கி, டிஎல்எஸ்எஸ் எல்லாம் அணைத்து, வி-சிங்கையும் (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டி வைக்கும் செட்டிங்) ஃபிரேம் வரம்பையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் நின்று ஃபிரேமைப் பாருங்கள். எகிறினால் கார்டுதான் போதவில்லை. 1080பியில் 48 இருந்தது 720பியிலும் 50தான் என்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது, திணறுவது பிராசசர். அந்த சிஸ்டத்தில் இன்னும் பெரிய கார்டு போட்டாலும் அதே 50தான் வரும். அடுத்த கார்டுக்கு எடுத்து வைத்த பணத்தைப் பிராசசருக்கும் ராமுக்கும் திருப்பிவிடுங்கள்.